முடிச்சோடு தொங்கிய திரை

எங்கள் வீடு நீளமாக இருந்தது. நீளமாக மட்டுமே இருந்தது. திண்டுக்கல்லில் ஆறு வீட்டுக் காம்பவுண்டில் மூன்றாவது வீடு. வாசலில் நின்றால் அப்பாவின் கட்டில், அரிசி டிரம், அம்மாவின் அடுப்பு, பின்கதவு, அதற்கப்பால் மலைக்கோட்டைப் பாறையில் ஒரு துண்டு, எல்லாம் ஒரே பார்வையில் கிடைத்துவிடும். கூரை தாழ்வு. அப்பா ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வணக்கம் வைப்பதுபோலக் குனிந்துதான் உள்ளே வருவார்.

அந்த வீட்டின் மீது என் அக்கா போர் தொடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். அக்கா கல்லூரியில் மனையியல் படித்தாள். உடம்பில் உடுத்தும் துணிக்கும் குடியிருக்கும் அறைக்கும் ஒரே இலக்கணம்தான் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். கோடு, வடிவம், நிறம், தொட்டுப்பார்க்கத் தோன்றும் இழைநயம். அப்புறம் சமநிலை, லயம், இசைவு என்று அது பாட்டுக்குப் போகும். அவள் உரக்கப் படிப்பாள். நான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டு திரிவேன். நெடுக்குக் கோடு உயரம் காட்டும், குறுக்குக் கோடு அகலம் காட்டும். ஊரே எனக்குக் கோடுகளாகிவிட்டது. கரண்டுக் கம்பம் உயரம் காட்டியது, எருமை அகலம் காட்டியது.

அடுத்த வீட்டு அத்தையையும் அக்கா விட்டுவைக்கவில்லை. அப்பாவின் அக்கா, நல்ல பருமன், தாமரைப்பூ அளவுக்குப் பூப்போட்ட சேலைகள்தான் பிடிக்கும். நெடுக்குக் கோடு போட்டதாகக் கட்டச் சொன்னாள் அக்கா.

“ஏன்டி, கோட்டுச் சேல கட்டுனா ஒல்லியாயிருவேனா? சோத்தக் கொறைன்னு நேராச் சொல்லிட்டுப் போ.”

“ஆக மாட்டீங்க அத்த. தெரிவீங்க.”

“தெரிஞ்சாப் போதும்டி. தீவாளிக்கு ஒண்ணு எடுத்துக் குடு.”

சுவரில் பதினோரு காலண்டர்கள் இருந்தன. கண் போய் உட்கார ஓர் இடம் போதும் என்று அக்கா பழனி முருகனை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைக் கழற்றினாள். “மத்த சாமியெல்லாம் எங்கம்மா போகும்?” என்று கேட்டார் அப்பா. டிரங்குப் பெட்டிக்குப் போயின.

இத்தனையும் எதற்கென்றால், அந்தச் செமஸ்டரில் ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டில் ஓர் அறையைத் தன் கையாலேயே அமைக்க வேண்டும். ஆசிரியை நேரில் வந்து பார்ப்பார். சிறந்த வேலை கல்லூரிக் கண்காட்சிக்குப் போகும். மற்ற பெண்களின் வீடுகளில் மொசைக் தரையும் கண்ணாடி ஷோகேஸும் இருந்தன. ‘உங்க ரயில்பெட்டில என்னடி பண்ணுவ?’ என்று ஒருத்தி கேட்டாளாம். சாப்பிடும்போது அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள் அக்கா. தட்டில் சோறு அப்படியே இருந்தது.

அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுக் கட்டுவாள். சின்னாளப்பட்டியிலிருந்து வெள்ளைத் துணி வரும். மடித்து, மடிப்பு வழியே நகத்தால் துணியைக் கிள்ளி, கடுகளவு கடுகளவாக நூல் சுற்றி முடிவாள். துணி சாயத்தில் முங்கி எழுந்ததும் முடிச்சுகளைப் பிரித்தால், நூல் காத்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. வருஷக்கணக்காக ஊருக்குக் கட்டியவள் அந்த வருஷம்தான் தனக்கென்று ஒன்று கட்டியிருந்தாள். அரக்கு நிறம். சாயம் முடிந்து, முடிச்சோடு வந்திருந்தது.

அக்கா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஆயிரமாயிரம் முடிச்சுகள், குளிரில் சிலிர்த்த தோல்போல. “அம்மா, பிரிக்காத. இப்படியே குடு” என்றாள். இழைநயம்! உத்தரத்தின் மேல் இரண்டாக மடித்துப் போட்டு, அடுப்படிக்கு முன்னால் நெடுகத் தொங்கவிட்டாள். தரைக்கு ஒரு விரல் மேலே கச்சிதமாக முடிந்தது. கூரை சட்டென்று உயர்ந்தது. சத்தியமாக உயர்ந்தது. அன்று சாயங்காலம் அப்பா குனியாமல் வந்து நிலையில் இடித்துக்கொண்டார்.

ஆசிரியை வரும் சனிக்கிழமை, அக்கா அவரை அழைத்துவர பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். அம்மா குழாயடியில். அத்தை உள்ளே வந்து திரையைப் பார்த்து வாயில் கைவைத்தாள்.

“என்னடி இது, முடிச்சோட தொங்குது? அரகொறையாக் கெடக்குன்னு வாரவுக சொல்ல மாட்டாகளா?”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்கள் பக்கத்தில் முடிச்சோடு ஒரு துணியை யார் மாட்டுவார்கள்? அக்கா மறந்திருப்பாள். பாவம், எத்தனை வேலை அவளுக்கு! இறக்கினோம். அத்தை ஒரு முனை, நான் ஒரு முனை. இழுத்தோம். படபடபடவென்று வெடித்தது பாருங்கள், நூல்கள் அறையெங்கும் தெறித்தன. என் தலைமுடியில், முருகன் மீது, அத்தையின் தாமரைகள் மீது. புள்ளிகள் விண்மீன்களாகத் திறந்துகொண்டே போயின. அவ்வளவு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் கொஞ்சமே வாய்த்திருக்கிறது.

திரும்ப மாட்டினோம். சுருங்கியிருந்த துணி விரிந்து நீண்டுவிட்டிருந்தது. அரை முழம் தரையில் குப்பையாகக் கிடந்தது.

வாசலில் அக்கா. பின்னால் ஆசிரியை.

அக்கா என்னைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். குனிந்து, தரையில் கிடந்த அரக்கு நூல்களைக் கைநிறைய அள்ளித் திரித்தாள். திரையை ஒரு பக்கமாக ஒதுக்கி, இடுப்புயரத்தில் அந்த நூலாலேயே கட்டினாள். கொசுவம் வைத்த சேலைபோல அது சாய்ந்து நின்றது. எதிர்ப்பக்கம் அம்மாவின் பித்தளைக் குடத்தை நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான். ரயில்பெட்டி வீடாகிவிட்டது.

ஆசிரியை திரையருகே போய்ப் புள்ளிகளைப் பார்த்தார். “அச்சடிச்சதா?” என்று கேட்டார்.

குழாயடியிலிருந்து திரும்பியிருந்த அம்மா, யார் வந்தாலும் பின்கதவோரம் ஒதுங்குகிறவள், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “அச்சு இல்லம்மா. கட்டுனது” என்று ஒரு புள்ளியின் நடுவே ஊசிமுனை அளவுக் கூம்பலைத் தொட்டுக் காட்டினாள். “அச்சுக்கு இது வராது.”

“எத்தன நாளாச்சு?”

“எண்ணலம்மா. அடுப்பு நேரம் போக மிச்ச நேரம்.”

ஆசிரியை போகும்போது, பதிவேட்டில் அறையின் படத்தை வரைந்து, அமைத்தவர் பெயர் எழுதித் திங்களன்று தரச் சொன்னார். “உன் வேலையா மட்டும் இருக்கணும். அடுத்தவங்க கை இருந்தா மார்க் கொறையும், தெரியுமில்ல?” என்றார்.

அக்கா பென்சிலில் படம் வரைந்தாள். கீழே தன் பெயர். அதன் கீழே அம்மாவின் பெயர்.

எனக்குப் பதறியது. முடிச்சை அவிழ்த்த பாவத்துக்குப் பரிகாரம் கிடைத்துவிட்டது என்றும் தோன்றியது. அவள் குளிக்கப் போன நேரத்தில் ரப்பரை எடுத்து, அம்மாவின் பெயரை மட்டும் அழித்து, தூளையும் ஊதிவிட்டேன்.

திங்கள் காலை அக்கா அதைப் பார்த்தாள். அப்பாவின் சட்டைப்பையிலிருந்து மைப்பேனாவை எடுத்து, அதே இடத்தில் மறுபடி எழுதினாள். மார்க் குறைந்தது, திரை கண்காட்சிக்குப் போனது, எல்லாம் பிறகு.

கரண்டியோடு எட்டிப்பார்த்தாள் அம்மா. எழுத்தில் அவளுக்குத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான்.

“என் பேரு எதுக்குடி இதுல?” என்று விரலை நீட்டினாள்.

“தொட்றாதம்மா, ஈரமா இருக்கு. செத்த நேரம் காயட்டும்.”

மூவரும் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கல்லூரி பஸ் ஹாரன் அடித்தது. பென்சிலில் எழுதியிருந்தால் இந்தக் காத்திருப்பு வேண்டியிருக்காதே என்று நினைத்தேன்.