நாக்குக்கு அடியில் ஓர் ஊசித் துண்டு

பனியன் கம்பெனியில் தையல் மிஷினின் ஊசி உடைந்தால் உடனே வேறு ஊசி கிடைத்துவிடாது. உடைந்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, ஓர் அட்டையில் வரிசையாக வைத்து டேப் ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்துவிட்டதென்று சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஸ்டோரில் புது ஊசி தருவார்கள். நாங்கள் தைப்பது குழந்தைகள் துணி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த வரிசை மிஷின்கள் அத்தனையும், லைனே நிற்கும்.

என் கனவில் அந்த ஒரு துண்டு கிடைக்கவே கிடைக்காது. மண்டி போட்டு மிஷினுக்கு அடியில் காந்தத்தை வைத்துத் துழாவிக்கொண்டே இருப்பேன். தலைக்கு மேல் ஸ்டோர்க்காரி ஒருத்தி அட்டையை நீட்டியபடி, "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்பாள். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. கடைசியில் துண்டு என் நாக்குக்கு அடியில்தான் இருக்கிறது என்று தெரியும். துப்பப் பயந்து வாயை இறுக்கிக்கொள்வேன். விழிக்கும்போது தாடை வலிக்கும்.

ஒரே மாதத்தில் நாலைந்து தடவை வந்தது. எங்கள் லைன் சூப்பர்வைசர் வேலையை விட்டு நிற்கப்போவதாகச் சொன்ன மாதம் அது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை. பதினொரு வருடமாக அதே லைனில் தைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வேலை பழகிய மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக எனக்கே சூப்பர்வைசர் ஆனார்கள். மூன்று தடவையும் சிரித்த முகத்தோடு வாழ்த்துச் சொன்னேன். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய்.

மாமியாரிடம் கனவைச் சொன்னேன். "செய்வினைதான் கண்ணு. வாய்க்குள்ள ஊசின்னா சும்மா உடக் கூடாது" என்று மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று வாரம் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். பழம்தான் காய்ந்தது.

மாதம் ஒரு சனிக்கிழமை கம்பெனிக்குக் கவுன்சலிங் கொடுக்க மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வருவாள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். யாரும் போகாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று பாவப்பட்டு, டீ இடைவேளையில் போய் எதிரே உட்கார்ந்தேன். கனவைச் சொல்லி அர்த்தம் கேட்டேன்.

"அர்த்தத்த நான் சொல்லக் கூடாதுக்கா. நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

"அப்பறம் நீங்க எதுக்குங்க வந்தீங்க?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சுவிட்சர்லாந்தில் முன்பு ஒரு மனநல மருத்துவர் இருந்தாராம். கனவு என்பது நாளை நடக்கப்போவதற்குக் குறி அல்ல, பகலில் நாம் பார்க்க மறுக்கிற நம்மையே அது காட்டுகிறது என்பது அவர் கட்சியாம். கனவில் வருகிற எல்லோரும் நம்மில் ஒரு பங்கு. நமக்கு வேண்டாமென்று தள்ளிவைத்த குணங்களெல்லாம் நிழலாகப் பின்னால் வருமாம். ஓடாமல் நின்று அதனோடு பேச வேண்டுமாம்.

"கண்ண மூடிக்கிட்டு அந்தக் கனவுக்குள்ள திரும்பப் போங்கக்கா. அந்த ஸ்டோர்க்காரிய நிமிர்ந்து பாத்து, என்ன வேணும்னு கேளுங்க."

கிறுக்குத்தனம் என்று நினைத்துக்கொண்டேதான் கண்ணை மூடினேன். மிஷினுக்கு அடியிலிருந்து மெல்ல நிமிர்ந்தேன். அட்டையைப் பிடித்திருந்த கையில் என் வளையல். முகமும் என்னுடையதுதான். ஆனால் நான் ஒருநாளும் வெளியே காட்டாத முகம், யாருக்கும் பயப்படாத முகம். அப்படிப்பட்ட பெண்களைத்தான் நான் வாயாடி, அடங்காதவள் என்று பேசி வந்திருக்கிறேன். என்ன வேண்டும் என்று கேட்டேன். "துப்பு" என்றாள்.

கண்ணைத் திறந்தபோது அழுதுகொண்டிருந்தேன். "எனக்கு அந்த சூப்பர்வைசர் வேலை வேணுங்க" என்றேன். பதினொரு வருடத்தில் அது முதல் தடவையாக என் வாயிலிருந்து வந்தது.

அவள் டிஷ்யூவை நீட்டினாள். "இத எங்கிட்டச் சொல்லி என்னக்கா ஆகப்போகுது?"

திங்கட்கிழமை காலை புரொடக்‌ஷன் மேனேஜர் ஓர் இளைஞனை அழைத்துக்கொண்டு என் மிஷினுக்கு வந்தார். "அக்கா, இவருதான் புது சூப்பர்வைசர். ஒரு வாரம் லைனப் பழக்கி உட்டுருங்க."

வாய் வழக்கம்போல மூடிக்கொள்ளப் பார்த்தது. நான் விடவில்லை.

"மூணு பேருக்குப் பழக்கிக் குடுத்துட்டனுங்க சார். நாலாவது ஆளுக்கு முடியாதுங்க. அந்த வேலைய எனக்கே குடுங்க."

பக்கத்து மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். "ஷிப்மென்ட் டென்ஷன் தாங்குவீங்களா? கத்தி வேல வாங்கணும்."

"போன ஆர்டர்ல கழுத்துல வெக்கற ரிப் துணி அலை அலையா வந்தப்ப நம்ம சூப்பர்வைசரு நல்லாத்தானுங்க கத்துனாரு. சரி பண்ணுனது யாருங்க?"

"அக்காதானுங்க சார்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் லைன் முழுக்கச் சிரிப்பு. மேனேஜருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இளைஞனை வேறு லைனுக்கு அனுப்பிவிட்டு, "இந்த ஆர்டர் மட்டும் பாருங்க. அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

அந்த ஆர்டரைச் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே முடித்துக் கொடுத்தோம். சூப்பர்வைசர் என்று என் பெயர் போட்ட கடிதம் கைக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை, அதை மறைக்கவும் இல்லை. கனவு அதற்குப் பிறகு வரவில்லை. எல்லாம் எலுமிச்சம்பழத்தின் மகிமை என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடிதம் வந்த மதியமே என் லைனில் ஓர் ஊசி உடைந்தது. தைத்துக்கொண்டிருந்த ஒடிசாப் பெண் பதறி எழுந்தாள். அவளும் நானும் மண்டி போட்டுத் தேடினோம். மூன்று துண்டுகள். அட்டையில் ஒட்டினால் முழு ஊசியும் வந்துவிட்டது. சூப்பர்வைசர் கையெழுத்துக்கான கட்டம் மிகச் சின்னது. முழுப் பெயரையும் எழுதினேன். அது கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டம்வரை போனது.

ஸ்டோர்க்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, கையெழுத்து இத்தன பெருசா?"

"இனிமே இப்பிடித்தானுங்க" என்று புது ஊசியை வாங்கிக்கொண்டு வந்தேன்.