ஏழாவது பெயர்

எங்கள் மாதா கோயில் பங்கில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு கபடிக் குழு இருந்தது. சுனாமி அலை வந்துபோன மூன்றாம் வருஷம் அது. குழுவை நடத்தியவர் கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவர். என் ஒரே மகள் அதில் ஆடினாள். நான் தலத்தெருவில் குடியிருந்துகொண்டு ஒரு சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். குழு வெளியூர் போனால் என் வண்டிதான்.

மடத்தில் நாலு சிஸ்டர்கள். மதர், மருந்தகம் பார்க்கிற சிஸ்டர், கண் மங்கிப்போன வயதான சிஸ்டர் ஒருவர், பிறகு கபடி சிஸ்டர். அங்கே எல்லாமே மணிக்குத்தான் நடக்கும். எழுவது, ஜெபிப்பது, சாப்பிடுவது, பேசாமலிருப்பது எல்லாம் மணி. மடத்துக்குப் பின்னால் துணி காயப்போடும் கொடிக்கும் தென்னைகளுக்கும் நடுவில் இருந்த மண்தரையில்தான் பயிற்சி. சிஸ்டர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் கேன்வாஸ் ஷூவோடு நின்று கத்துவார். "பிடிடீ, கால, கால..." என்று கத்திக்கொண்டிருக்கும்போதே மாலை ஜெபத்துக்கு மணி அடித்துவிடும். வார்த்தை பாதியில் நிற்கும். செருகிய சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். பிள்ளைகள் பிடித்த காலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து மண்ணைத் தட்டுவார்கள். கொடியில் கிடக்கிற வெள்ளைத் துணியெல்லாம் புழுதியாகிறது என்று மதருக்கு மட்டும் ஓயாத வருத்தம். கண் தெரியாத சிஸ்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "யாருடி அவுட்டு? யாருடி அவுட்டு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

என் மகள் பாடிப் போகிறவள். மூச்சை விடாமல் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புவாள். அவள் கூடவே இருந்தவள் கோட்டுச்சேரிமேட்டுப் பிள்ளை. மீன்பிடிக்கிற குடும்பம். அலையில் அப்பாவைப் பறிகொடுத்துவிட்டுச் சுனாமிக் குடியிருப்பில் அம்மாவோடு இருந்தாள். அங்கே சிஸ்டர் சாயங்காலப் பாடம் நடத்தப் போன பழக்கத்தில் பயிற்சிக்கு வந்தவள். இந்துப் பிள்ளை. கால் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பிடித்தால் பிடித்ததுதான்.

"ஏ, இவ கைய மோந்து பாத்தியா? ஒரே இறால் வாசன" என்று மற்ற பிள்ளைகள் சீண்டுவார்கள்.

"வாசன பாத்துதாண்டி ஒங்காலு என் கைக்குள்ள வந்து விழுது" என்பாள் அவள்.

மறைமாவட்ட அளவில் இளையோர் போட்டி நடக்க இருந்தது. ஏழு பெயர்களைச் சிஸ்டர் அனுப்பிவைத்தார். அதில் என் மகள் பெயரும் ஒன்று. மழை விடாததால் போட்டியைப் பொங்கலுக்கு அப்புறம் என்று தள்ளிவைத்தார்கள். அதற்குள் கார்த்திகை மாதம் என் மகளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. பச்சிலை கொடுத்தோம், ஆஸ்பத்திரியில் வைத்தோம், பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். பிழைக்கவில்லை.

எப்போதும் மடத்தில் ஒருவராவது வீடு காக்க இருப்பார்கள். அடக்கத்தன்று மடத்தைப் பூட்டிவிட்டு நாலு பேருமே வந்தார்கள். கண் தெரியாத சிஸ்டரை ரிக்‌ஷாவில் உட்கார வைத்துக் கூட்டிவந்தார்கள். கபடி சிஸ்டர்தான் என் மகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். பின்னி முடித்து ரிப்பன் கட்டியவர், அதை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

போட்டிக்கு ஆறு பேர்தான் இருந்தார்கள். ஏழாவதாக நிற்கிற தகுதி கோட்டுச்சேரிமேட்டுப் பிள்ளைக்குத்தான் இருந்தது. ஆனால் அது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான போட்டி. ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பிள்ளைக்கு இது வெறும் ஆட்டமும் இல்லை. நன்றாக ஆடுகிற பிள்ளைகளை அன்று மைதானத்திலேயே பார்த்துத் தேர்ந்தெடுத்து, சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு விளையாட்டு விடுதியில் சேர்த்துப் படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். விடுதியில் சேர மதம் தடையில்லை. மைதானத்தில் இறங்கத்தான் தடை.

அவளுடைய அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். நான் கருவாட்டு மூட்டை இறக்கப் போன இடத்தில்தான் சொன்னார். "அண்ணே, விடுதியில எடம் கெடச்சா போவட்டும். நான் ஒரு கையால சம்பாதிச்சு சமாளிச்சுக்கிறேன். கெடைக்காட்டி திங்கக்கெழமையே என்கூட இறால் கம்பெனிக்கு வரட்டும். பொட்டப் புள்ள புடிக்கிறது யாரோட கால? அதுல என்னா சோறு வருது?"

சிஸ்டர் மதரிடம் அனுமதி வாங்கி, போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டுப் பார்த்தார். மதரின் அறையில்தான் போன் இருக்கும். ஒருவருக்கு விட்டால் எல்லோரும் வெளி ஆட்களைக் கொண்டுவருவார்கள் என்று பதில் வந்தது.

அன்று பயிற்சி முடிந்து பிள்ளைகளை ஏற்றிப்போக வண்டியோடு நின்றிருந்தேன். கோட்டுச்சேரிமேட்டுப் பிள்ளை சிஸ்டருக்கு எதிரே வந்து நின்றாள்.

"சிஸ்டர், எனக்கும் ஞானஸ்நானத் தண்ணி ஊத்திடுங்களேன். ஒரு நிமிஷ வேலதான?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. "எதுக்குடி?"

"ஆடத்தான்."

"அது என்ன வெளையாட்டுச் சட்டையா, ஆட்டத்துக்குப் போட்டுட்டு அப்பறம் கழட்டிப் போட? அப்படி வாங்குனா ஆண்டவருக்கும் மரியாத இல்ல, ஒனக்கும் மரியாத இல்ல. போ, மொகத்தக் கழுவு."

அந்தப் பிள்ளை குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழுவினாள்.

மகள் போன பிறகு என் மனைவி மடத்துப் பக்கமே போகவில்லை. பூசைக்கு வருவாள், நற்கருணை வாங்குவாள், தலையைக் குனிந்தபடியே வீட்டுக்கு வந்துவிடுவாள். கோட்டுச்சேரிமேட்டுப் பிள்ளை மட்டும் அவ்வப்போது ஒரு கை நெத்திலியோடு வரும். இரண்டு பேரும் கொல்லையில் உட்கார்ந்து மீன் ஆய்வார்கள். அதிகம் பேச மாட்டார்கள். போட்டிக்கு முந்தின நாள் அது வந்துவிட்டுப் போனதும் என் மனைவி கேட்டாள்.

"என்னங்க, அனுப்புன ஏழு பேருல நம்ம பொண்ணு பேரு இன்னும் இருக்குதான?"

"சிஸ்டர் எடுக்கச் சொல்லி எழுதல போல. அவங்களுக்கு மனசு வந்திருக்காது."

"அப்பன்னா அந்தப் புள்ள அந்தப் பேருல ஆடட்டும். நான் சொல்லிட்டேன். சட்டையும் எடுத்துக் குடுத்துட்டேன்."

"பொய் சொல்லி ஆடச் சொல்றியா?"

"என்னங்க பொய்யி? பேரு சும்மாதான கெடக்கு. கல்லறையில எழுதி வச்சிருக்கீங்க. அங்க யாரு கூப்புடப் போறா?"

ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால், பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள் என்று சாமியார் கேட்டபோது உரக்கச் சொன்னவன் நான்தான். அந்தப் பெயரை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா என்று யோசித்தேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டா என்றும் யோசித்தேன். இவளோ மகள் போனதிலிருந்து ஒன்றுமே வேண்டுமென்று கேட்காதவள். ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். ஓடவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். எலுமிச்சைச் சாறு கரைத்த வாளியோடு என் மனைவியும் பிள்ளைகள் கூடப் பின்னால் ஏறினாள். சிஸ்டர் முன்னால் என் பக்கத்தில். கோட்டுச்சேரிமேட்டுப் பிள்ளையைக் குடியிருப்பு வாசலில் ஏற்றினோம். என் மகளுடைய நாலாம் எண் சட்டையோடு அவள் ஏறுவதைச் சிஸ்டர் கண்ணாடியில் பார்த்தார். ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தவர் இரண்டாம் தேவ இரகசியத்தில் நிறுத்திவிட்டார்.

"அண்ணே, யாரு ஏற்பாடு இது?"

"எம் பிள்ளையோட அம்மாதான் சிஸ்டர்."

வண்டி திருமலைராஜன் ஆற்றுப் பாலம் தாண்டியது. ஜெபமாலையைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார். "மதர்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். இப்ப எங்க போய்க் கேக்க?"

மடத்தில் ஒரு சோப்புக்கட்டி வாங்குவதைக்கூட அவர்கள் தனியாக முடிவு செய்வதில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

மைதானத்தில் பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டிருந்தார்கள். விசிலைக் கழுத்தில் மாட்டிய ஒரு பிரதர், குருமடத்தில் படிக்கிறவர், பெயர்களைக் கூப்பிட்டார். ஆறு பிள்ளைகளும் கை தூக்கினார்கள். ஏழாவதாக என் மகள் பெயரைக் கூப்பிட்டார். அடக்கப் பூசைக்கு அப்புறம் வெளியாள் வாயிலிருந்து அதைக் கேட்பது அப்போதுதான். அந்தப் பெண் கை தூக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிரதர் இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்.

"இருக்கா" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து என் மனைவி சொன்னாள். பிறகு இன்னும் சத்தமாக, "இருக்கா பிரதர். அந்தா நிக்கிறா பாருங்க."

அதன் பிறகே அந்தப் பெண்ணின் கை மெதுவாக மேலே போனது. பிரதர் விசிலை வாயில் வைத்தார்.

சிஸ்டர் கோட்டைத் தாண்டி உள்ளே போனார். "பிரதர், ஒரு நிமிஷம். அந்தப் பேருள்ள பிள்ளை கார்த்திகை மாசம் செத்துப்போச்சு. இது வேற பிள்ளை. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை. எங்ககூட ரெண்டு வருஷமா ஆடுறா. அவ பேருலயே அவளை ஆட விடுங்கன்னு கேட்டுக்கிறேன்."

பிரதர் சின்னப் பையன். என்ன செய்வதென்று தெரியாமல் பொறுப்பிலிருந்த சாமியாரிடம் ஓடினார். எதிர்க்குழுவைக் கூட்டிவந்த சிஸ்டர் வேறு ஒரு மடத்தைச் சேர்ந்தவர். அவர் கோபப்படாமல்தான் சொன்னார். "எங்ககிட்டயும் அப்படி ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க சிஸ்டர். அழுக அழுக விட்டுட்டு வந்தோம். இப்ப இவளை விட்டா அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?" அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. சாமியாரும் முடியாது என்று சொல்லியனுப்பினார்.

ஆறு பேரோடு ஆடினார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். கால் பிடிக்க ஆளில்லை. தேர்வு செய்ய வந்திருந்தவர்கள் நிழலில் உட்கார்ந்து எதிர்க்குழுவில் ஒரு பிள்ளையைக் குறித்துக்கொண்டார்கள். கோட்டுச்சேரிமேட்டுப் பெண் கோட்டுக்கு வெளியே நின்று, ஒவ்வொரு பிடிக்கும் தானும் குனிந்து குனிந்து நிமிர்ந்தாள்.

என் மனைவி வாளி பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் வந்து முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு ஆட்டம். பொறுத்திருக்கக் கூடாதா சிஸ்டர்?"

"ஆடி ஜெயிச்சா அந்தப் பேரோடதானம்மா விடுதிக்குப் போவணும். பள்ளிக்கூடத்துல அந்தப் பேரு. பரிட்சையில அந்தப் பேரு. காலம் பூரா ஒங்க பொண்ணு பேரோட அவ எப்படி இருப்பா?"

"இருந்துட்டுப் போவட்டுமே" என்றாள் என் மனைவி. "இருந்துட்டுப் போவட்டுமே சிஸ்டர்."

சிஸ்டர் எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளிடம் போனார். சிஸ்டர் செய்தது சரி. பொய் மேல் கட்டுகிற எதையும் ஆண்டவர் ஆசீர்வதிக்க மாட்டார் என்று நம்புகிறவன் நான். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகும் அதையேதான் நம்புகிறேன். ஆனால் நம்புவதற்கும் நெஞ்சில் பாரமில்லாமல் இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

திரும்பும்போது பின்னால் பாட்டு இல்லை. வெயில் தாழ்ந்து குடியிருப்புக்கு வந்தோம். அந்தப் பிள்ளையின் அம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்து எழுந்து வந்தார்.

"என்னாடி ஆச்சு?"

"தோத்துட்டோம்மா."

சிஸ்டர் இறங்கிப்போய் அவர் எதிரில் நின்றார். "அவ தோக்கலம்மா. அவ ஆடவே இல்ல. ஆடியிருப்பா. நான்தான் உண்மையச் சொல்லி நிறுத்திட்டேன்."

அந்த அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விடுங்க சிஸ்டரம்மா. நீங்க என்னா பண்ணுவீங்க. மொகமெல்லாம் வாடிப்போய் நிக்கிறீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "திங்கக்கெழம விடியறதுக்குள்ள கம்பெனி வண்டி வந்துரும். கிளவுஸ் இல்லாம ஐசுல கைய வச்சா வெரலு வெடிச்சிரும். எங்க, கையக் காட்டு."

அந்தப் பிள்ளை கையை நீட்டியது. அம்மா அதைத் தன் உள்ளங்கை மேல் வைத்து விரலோடு விரல் அளந்து பார்த்தார்.

"இம்புட்டூண்டு கைக்கு அங்க சைசு இருக்காதே."

"பெருசே போதும்மா" என்றது அந்தப் பிள்ளை.