தட்டில் இருந்த சோளமா

காத்துக் கறுப்பு என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப்போய்த் தேத்தண்ணீர் போடுகிற ஆள் நான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரியுங்கள், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பேர்லினில் ஒரு மியூசியத்தின் களஞ்சிய அறைகளைக் காலையில் கூட்டித் துடைப்பது என் வேலை. போன வருடம் அமெரிக்காவிலிருந்து பூர்வகுடி மக்கள் சிலர், தங்கள் ஊரிலிருந்து எப்போதோ கொண்டுவரப்பட்ட பொருட்களைப் பார்க்க வந்திருந்தார்கள். மறுநாள் நான் போனபோது, மரத்தில் செதுக்கிய ஒரு முகத்தின் முன்னால் சின்னத் தட்டில் மஞ்சள் சோளமா இருந்தது. பார்த்தவுடனேயே படையல் என்று விளங்கிவிட்டது. அப்பாவின் திவசத்துக்கு வருடாவருடம் படைக்கிறவளுக்குத் தெரியாதா? ஆனால் எங்களை மேற்பார்வை பார்க்கிற சிவா அண்ணை முதல்நாளே சொல்லியிருந்தார்.

"தங்கச்சி, இஞ்ச ஒரு சாப்பாட்டுத் துணிக்கையும் கிடக்கக் கூடாது. பூச்சி வந்து சாமானை அரிச்சா எங்கட வேலை போயிடும்."

அந்தப் பயத்தில், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், புதுப் பை போட்டிருந்த தூசு உறிஞ்சும் மெஷினால் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். வீட்டுப் படையலில் எறும்பு ஏறினாலே பதறுகிற நான்தான், அடுத்தவர் படையலை அப்படிச் செய்தேன்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். என் வயதுப் பெண் ஒருத்தி வெறும் தட்டைக் கண்டதும் என்னிடம் ஓடிவந்து ஏதோ கேட்டாள். அவர்களோடு வந்த, மியூசியத்தில் வேலை செய்கிற பிள்ளை அதை எனக்கு ஜெர்மனில் சொன்னாள்.

"அது பொம்மை இல்லையாம், அவர்களுடைய மூத்தவராம். இங்கே வந்த நாளிலிருந்து பட்டினியாம். அவர் சாப்பிட்டுவிட்டாரா என்று கேட்கிறாள். நீங்கள்தானே முதலில் வந்தது?"

"ஓம்," என்றேன். தமிழில்தான் வாயில் வந்தது, தலையையும் ஆட்டினேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

அவர்கள் போனதும் மெஷினைத் திறந்து பையைக் கிழித்தேன், கொஞ்சமாவது எடுத்துத் திரும்ப வைக்கலாம் என்று. நம்பினால் நம்புங்கள், உள்ளே சாம்பல் நிறத் தூசு மட்டும்தான். விரலால் துழாவினேன், பேப்பரில் கொட்டிப் பார்த்தேன், ஒரு மஞ்சள் குறுணி இல்லை. அந்த மெஷினை வேறு யாரும் தொடவுமில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை. நான் சொன்னது பொய்தானே.

அந்த வெட்கம் போகாமல், இந்தத் திவசத்துக்கு அப்பாவின் இலை ஓரத்தில் ஒரு சிட்டிகை சோளமா வைத்தேன். வழக்கம்போல அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே தனியாக நின்று, கொஞ்ச நேரத்தில் திறந்தேன். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பாவுக்குப் பிடித்த வடை எல்லாம் வைத்தபடி இருந்தன. சோளமா மட்டும் இல்லை.

அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் போன் வந்தது. ஒவ்வொரு திவசத்துக்கும் கேட்கிற கேள்விதான்.

"அப்பா சாப்பிட்டவரோ பிள்ளை?"

தொடாத சோற்றைப் பார்த்துக்கொண்டே, "ஓம் அம்மா," என்றேன்.