முன்வரிசையில் ப்ளோனியின் பூக்கள்

ஹில்வெர்சும் டெலிவிஷன் நிலையத்தில் பத்து நாட்டுப் பாடகர்கள் போட்டி போடப் போகிறார்கள், மேடை அலங்காரத்துக்கு ட்யூலிப் கேட்டிருக்கிறார்கள் என்று தலைவர் சொன்னதும், லிஸ்ஸே ஊர்ப் பூ விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவள் ப்ளோனி. 1958ஆம் வருடம், பிப்ரவரி தொடக்கம். இருபது வருடமாக அந்தக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பாள். அன்று பின்னலூசி கையிலிருக்கவே கையைத் தூக்கினாள்.

“அறுநூறு தர்றேன். ஆனா முன்வரிசையில வைக்கணும்.”

கூட்டம் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது அவள் புருஷன் சீம் கேட்டான்: “அறுநூறா? சர்ச்சுல மூணாவது பாட்டுக்கே கொட்டாவி விடற ஆளு நீ. உனக்கு எதுக்குடி பாட்டுப் போட்டி?”

“அது எல்லா நாட்டுலயும் ஒரே நேரத்துல தெரியுமாம்.”

“தெரிஞ்சா?”

“வியன்னாவுலயும் தெரியும்.”

வீடு வரும்வரை இரண்டு சைக்கிள் சங்கிலிகளின் சத்தம்தான் கேட்டது.

ப்ளோனிக்கும் சீமுக்கும் பிள்ளை இல்லை. யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம், பசியால் வாடிய வியன்னாக் குழந்தைகளைச் சில மாதம் வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பும்படி சர்ச்சில் கேட்டார்கள். ரயிலில் இருந்து இறங்கிய குழந்தைகளின் கழுத்தில் அட்டை தொங்கியது. ப்ளோனிக்குக் கிடைத்த அட்டையில் ஹெர்மி, ஏழு வயது என்று எழுதியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு ஜெர்மன் தவிர வேறு மொழி தெரியாது. ப்ளோனிக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. சீமுக்குத் தெரியும். ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டுபோய் ஒரு வருடம் தொழிற்சாலையில் போட்டு வாட்டி எடுத்ததில் கற்றுக்கொண்டது. இனி அந்தப் பாஷை என் வாயில் வராது என்று சபதம் போட்டிருந்தான். மூன்றாம் நாள் பல்வலியில் குழந்தை அழுதபோது சபதம் போன இடம் தெரியவில்லை.

சில மாதம் என்று வந்தவள் பதினான்கு மாதம் இருந்தாள். கிளம்பும்போது வாத்துகளை விரட்டுவதுகூட ப்ளோனியின் பாஷையில்தான். ப்ளோனியைச் சித்தி என்று கூப்பிட்டாள். ரஷ்யாவில் கைதியாக இருந்த அப்பா உயிரோடு திரும்பிவிட்டார், பிள்ளையை அனுப்புங்கள் என்று அவள் அம்மா எழுதினாள். நியாயமான கடிதம். அனுப்பினார்கள்.

பாதிரியார் அன்று ஒன்று சொன்னார். “கடிதாசி போடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா திரும்பி வான்னு மட்டும் எழுதிடாதீங்க. ரெண்டு வீட்டுக்கு நடுவுல பிள்ளையை இழுக்கக் கூடாது.” ப்ளோனி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வருடத்துக்கு இரண்டு கடிதம், டிசம்பரில் ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று. அவள் சொல்லச் சொல்ல சீம் ஜெர்மனில் எழுதுவான். கோழி எத்தனை பொரித்தது, மழை எப்படி, இந்த வருடம் என்ன நிறம் நட்டோம் என்பதுதான் எல்லாக் கடிதத்திலும் இருக்கும். வா என்ற சொல் ஒன்பது வருடத்தில் ஒருமுறையும் வரவில்லை. முதலில் பதில் ஒழுங்காக வந்தது. கடைசி இரண்டு வருடம் வரவே இல்லை. ஹெர்மிக்குப் பதினேழு வயது ஆகியிருக்கும். அவளுக்கு நாம் ஞாபகம் இருக்கிறோமா என்பது ஒன்றுதான் ப்ளோனிக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அந்த வாரமே கடிதம் போயிற்று. மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை சாயங்காலம் எங்கேயாவது ஒரு டெலிவிஷன் முன்னால் உட்கார். பாடுகிறவருக்கு இடது பக்கம், படிக்கட்டு ஓரம் பார். மற்றதெல்லாம் மஞ்சளும் வெளிர் சிவப்புமாக இருக்கும். ஆரஞ்சு மட்டும் நம் வீட்டுப் பூ.

அறுநூறு ட்யூலிப்பையும் குறித்த ஒரே நாளுக்குச் சரியாகப் பக்குவத்துக்குக் கொண்டுவருவது லேசான வேலையில்லை. மண்ணுக்குள் குளிரில் புதைத்து வைத்திருந்த கிழங்குப் பெட்டிகளைத் தோண்டியெடுத்து, கண்ணாடி வீட்டுக்குள் வைத்து, தினமும் இத்தனை சூடு என்று கணக்குப் பார்த்து ஏற்ற வேண்டும். ஒரு நாள் அதிகமாகச் சூடு போனால் பூ முந்திவிடும். ப்ளோனி அங்கேயே ஒரு பெஞ்சில் மதியச் சாப்பாட்டை வைத்துச் சாப்பிட்டாள். ஈஸ்டருக்கு முந்திய நோன்புக்காகப் புகையிலையை விட்டிருந்த சீம், எனக்கு நோன்பு, இந்தப் பூவுக்கு மட்டும் விருந்தா என்று எரிந்து விழுந்தான். பன்னிரண்டாம் தேதி காலை அறுநூறும் விரல் போல மூடி, நுனியில் நிறம் ஏறி நின்றன. காகிதத்தில் இறுக்கிச் சுருட்டி, குளிர்ந்த தண்ணீர் வாளிகளில் நிறுத்தி வண்டியில் ஏற்றினார்கள்.

நிலையத்தில் மேடை அலங்காரத்தைக் கவனித்தவர் கெர்லோஃப் என்பவர். காதில் பென்சிலும் கையில் சுருட்டிய வரைபடமுமாக ஓடிக்கொண்டிருந்தார். கேட்ட இடத்தையே கொடுத்தார். மதியம் ஒத்திகையின்போது, உங்கள் பூ எப்படி வருகிறது பாருங்கள் என்று ப்ளோனியைக் கூப்பிட்டு ஒரு சின்னத் திரையின் முன்னால் நிறுத்தினார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். “எங்க பூ எங்க?”

“அதோ, படிக்கட்டு ஓரம். நீங்க வெச்ச இடத்துலதான்.”

படிக்கட்டு ஓரம் சாம்பல் நிறத்தில் ஒரு பூக்கூட்டம் இருந்தது. அதற்கு அடுத்தாற்போலும் சாம்பல். மேடை முழுக்க ஆயிரக்கணக்கில் ஒரே சாம்பல்.

“கறுப்பு வெள்ளைதானேம்மா. எல்லா நாட்டுலயும் இப்படித்தான் தெரியும்.”

“தெரியும்” என்றாள் ப்ளோனி.

தெரியத்தான் செய்தது. பேக்கரி வீட்டுக்குத் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு முறை டெலிவிஷன் பார்த்திருக்கிறாள். பனிச்சறுக்குப் பந்தயம். ஆனால் முப்பது வருடமாகப் பூவின் நிறத்தைப் பிரித்துப் பிரித்துப் பழகிய கண் அது. ஓடினவனின் தொப்பி சிவப்பு என்று அதுவாகவே போட்டுக்கொண்டது. கடிதம் எழுதும்போது நிறம் இல்லாத ட்யூலிப் ஒன்று இருக்க முடியும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

சீம் தலையில் கை வைத்துக்கொண்டான். “உன்னைச் சொல்லி என்ன? ஆரஞ்சுன்னு என் கையாலதானே எழுதினேன்! ரெண்டு கழுதையும் சேர்ந்து ஒரு கடிதாசி எழுதியிருக்கோம்.”

ப்ளோனி கூடத்துக்கு வெளியே வந்து, தாழ்வாரத்தில் மாற்றுக்காக வைத்திருந்த வாளிகளின் பக்கத்தில் நின்றாள். ஒத்திகை விளக்கில் வாடியதை எடுத்துவிட்டு வைப்பதற்கு அறுநூறில் மீதி முந்நூறு மூடிய பூக்கள் அவற்றில் இருந்தன. அவளுக்கு ஹெர்மியின் கைகள் ஞாபகம் வந்தன. கொட்டகைக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்து, மொட்டை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து வாயால் ஊதி ஊதி விரிய வைப்பாள். ஒருநாள் காலையில் விற்பனைக்குக் கட்டி வைத்திருந்த பூவில் ஏழு கட்டு அப்படி விரிந்து வீணாகியிருந்தது. ப்ளோனி அவளை அடித்தது அந்த ஒரு தடவைதான். விரிந்த பூவை யாரும் வாங்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் அந்த ஏழு கட்டையும் அவள் படுக்கையைச் சுற்றி வைத்தாள்.

வாளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, தாழ்வாரக் கோடியில் சூடேறிக் கிடந்த ரேடியேட்டரை ஒட்டி வைத்தாள். காகிதத்தை எல்லாம் பிரித்துவிட்டாள்.

“என்ன பண்றே?”

“விரியட்டும்.”

“அடியே, சங்கத்து ஆளுங்க அத்தனை பேரும் இன்னிக்கு பேக்கரி வீட்டுலதான் உக்காந்திருப்பாங்க. ப்ளோனி வீட்டுப் பூ வாயைப் பொளந்துகிட்டு நிக்குதுன்னு சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க.”

“சொல்லட்டும். நிறம்தான் அங்க போய்ச் சேராது. உருவமாவது போய்ச் சேரட்டும். அவளுக்குத் தெரியும்.”

சீம் புகையிலை இல்லாத சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, கடைசி வாளியைத் தானே தூக்கி வைத்தான்.

வாடியதை எடுத்துவிட்டு விரிந்த பூக்களைப் படிக்கட்டு ஓரம் வைத்தார்கள். நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னால் கெர்லோஃப் வந்து பார்த்துத் திகைத்தார். “என்னம்மா இது, மத்ததெல்லாம் கச்சிதமா மூடியிருக்கு, உங்களுது மட்டும் தட்டு தட்டா?”

“திரையில தனியாத் தெரியுதா?”

“தெரியாம என்ன! கண்ணைக் குத்துது.”

“அப்ப சரி.”

அவருக்குச் சண்டை போட நேரமில்லை.

முதல் பாடகர் வந்து நின்றார். தாழ்வாரத்தில் வைத்திருந்த இன்னொரு திரையில் அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில், மூடிய மொட்டுக் கூட்டத்துக்கு நடுவில், அகலத் திறந்த பூக்கள் தெளிவாகத் தெரிந்தன. ப்ளோனி சீமின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொரு நாடாக வந்து பாடியது. சில பாட்டுகளுக்குக் கேமரா படிக்கட்டுப் பக்கம் வந்தது, சிலவற்றுக்கு வரவில்லை. யார் என்ன பாடினார்கள் என்று பிறகு கேட்டவர்களுக்கு அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்ததும் கெர்லோஃப் அந்தப் பக்கம் வேகமாகப் போனார். “முதல் பாட்டுக்குச் சில நாட்டுல படம் போய்ச் சேரலையாம். வழியில எங்கேயோ கோளாறு. அதனால அவர் திரும்பப் பாடறார்.”

“எந்த நாடு? வியன்னாவா?”

“அதெல்லாம் எனக்குச் சொல்லலம்மா.”

அவர் திரும்பப் பாடினார். இப்போது பூக்கள் ஒரு மணி நேரத்துக்கு மேலாக விளக்குச் சூட்டில் நின்றிருந்தன. முழங்காலுக்குப் பக்கத்தில் பாதி காம்புகள் மொட்டையாக இருந்தன. பாட்டின் நடுவில் ஒரு பூ இதழ் இதழாக விழுவதைத் திரை முழுதாகக் காட்டியது. பாடகர் அதைக் கவனிக்காமல் கையை விரித்தார். ப்ளோனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ரொட்டி வாங்கப் போனபோது பேக்கரிக்காரி காத்துக்கொண்டிருந்தாள். “என்ன ப்ளோனி, பூ கொண்டு போனியா, துடைப்பம் கொண்டு போனியா?” கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ப்ளோனியும் சிரித்துவிட்டு, கறுப்பு ரொட்டி ஒன்று கொடு என்றாள்.

அப்புறம் காத்திருந்தாள். தபால்காரர் வரும் நேரத்துக்கு அவளுக்குக் கோழிக்கூட்டில் வேலை இருக்கும். கூடு தெருவைப் பார்த்த பக்கம் இருந்தது. ஒரு வாரம் போயிற்று. இரண்டாம் வாரம், வந்தால் வரட்டும் என்று சொல்லிக்கொண்டாள். ஈஸ்டருக்கு முந்திய செவ்வாய்க்கிழமை பதில் வந்தது.

சீம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான். தலைப்பில் ‘அன்புள்ள சித்தி’ என்பது மட்டும் ப்ளோனியின் பாஷையில், தப்பும் தவறுமாக எழுதியிருந்தது. மற்றதெல்லாம் ஜெர்மன். சீம் ஒவ்வொரு வரியாகப் பார்த்துச் சொன்னான்.

“இவ்வளவு நாள் எழுதாததுக்கு மன்னிக்கணுமாம். நம்ம பாஷை மறந்துபோச்சாம், எழுத வெக்கமா இருந்துதாம். காலுறைக் கடையில வேலை பார்க்கறாளாம். அன்னிக்கு ஒரு ரேடியோக் கடை ஜன்னல் முன்னால கூட்டத்தோட நின்னு பார்த்திருக்கா. முதல் பாட்டுக்கு வெறும் கோடுதான் வந்துதாம். அப்புறமும் எதிர்ல நின்னவன் தொப்பியைக் கழட்டலையாம். ஆரஞ்சைத் தேடித் தேடிப் பார்த்துட்டு, பாதியிலதான் தன் மடத்தனம் புரிஞ்சு சிரிச்சாளாம்.”

“அப்புறம்?”

“இரு. கடைசிப் பாட்டுலதான் கூட்டம் கலைஞ்சு படிக்கட்டு ஓரம் தெரிஞ்சுதாம்.” சீம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவள் எழுதியதை அப்படியே சொன்னான். “நீங்க சொன்ன இடத்துல விரிஞ்சு கொட்டின பூ இருந்துச்சு. விரிஞ்ச பூவை நீங்க கொட்டகையை விட்டு வெளியே அனுப்ப மாட்டீங்க. அதனால உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சு, வேற யாரோ பூவைப் பார்த்துக்கறாங்கன்னு பயந்துட்டேன். அன்னிலேருந்து தூக்கமில்ல. உடம்புக்கு என்ன? உடனே எழுதுங்க.”

ப்ளோனி ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள். சீம் கடிதத்தை மடிக்காமல் அவள் பக்கம் நகர்த்தினான். காப்பி போட்டுக் குடித்தார்கள். பிறகு அவன் காகிதமும் பேனாவும் எடுத்து வைத்தான்.

“என்ன எழுத?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “முடியாமக் கிடக்கேன்னு எழுதினா வருவாளோ?”

“வருவா. அடுத்த ரயிலைப் பிடிச்சு வருவா. வந்து, நீ வாய்க்கால்ல சேறு வாரிக்கிட்டு நிக்கறதைப் பார்ப்பா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போயிற்று. சீம் பேனா மூடியைக் கழற்றினான்.

“நல்லாத்தான் இருக்கேன்னு எழுது.”

எழுதினான்.

“பூவை நானேதான் விரிய விட்டேன்னு எழுது. அவ கண்ணுக்குத் தெரியணும்னுதான்.”

அதையும் எழுதினான்.

“இப்ப, வான்னு எழுது.”

சீம் தலை நிமிர்ந்தான். “பாதிரியார் சொன்னது?”

“குழந்தையை இழுக்காதேன்னார். அவ இப்ப காலுறை விக்கற பொண்ணு. வர்றது அவ இஷ்டம். கேக்கறது என் இஷ்டம்.”

“எப்ப வரச் சொல்ல? வயல் பூக்கும்போதா?”

வெளியே வரிசை வரிசையாகப் பச்சை நுனிகள் மண்ணைவிட்டு ஒரு சாண் ஏறியிருந்தன. இன்னும் மூன்று வாரத்தில் பூக்கும், அதற்கப்புறம் பத்து நாளில் கிழங்கு பருக்கட்டும் என்று பூத்தலையைக் கிள்ளிவிடுவார்கள். கடிதம் போக நாலு நாள், கடையில் லீவு கிடைக்க எத்தனை நாளோ.

“எப்ப வேணா வரலாம்னு எழுது. பூ இல்லாதப்பவும்தான்.”

சீம் அதை எழுதி, மை காய ஊதினான். ப்ளோனி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளால் படிக்க முடியாத பாஷை.

“வான்னு இருக்கறது எந்த வரி?” என்று கேட்டாள்.

சீம் விரலை வைத்துக் காட்டினான்.