யோகமக்கா சொல்லவந்த கதை

போன சனிக்கிழமை லண்டன் மோர்டனில் என் மகள் வீட்டில் லவெண்டர் எண்ணெய் மணந்தது. மகளுக்கு இது நிறைமாதம். பிரசவ நேரத்தில் பக்கத்தில் நின்று, முதுகைத் தடவி, தைரியம் சொல்ல ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறாள். டூலா என்கிறார்கள். மருத்துவச்சி இல்லை, துணைக்கு வருபவள். கிளேர் என்று பெயர். என் மருமகனும் அவளுக்கு முன்னால் கால்களை மடக்கி உட்கார்ந்து மூச்சுவிடப் பழகிக்கொண்டிருந்தார். நான் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

உன் அம்மா உன்னைப் பெற்றபோது எப்படி இருந்தது, யார் கூட நின்றார்கள் என்று கிளேர் மகளிடம் கேட்டாள். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்கள் சொல்லுங்கோ."

தேத்தண்ணி போடப்போவதாகச் சொல்லிக் குசினிக்குள் போய்விட்டேன். லவெண்டர் அங்கேயும் வந்தது. ஆனால் என் மூக்கில் ஏறியது கொத்தமல்லி போட்டுக் காய்ச்சும் மல்லிக்கோப்பி.

அது யோகமக்காவின் மணம். லண்டனுக்கு வந்த புதிதில் பிளேஸ்டோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில் அவர் இருந்தார். நான்கு குடும்பங்களுக்கு ஒரே குசினி; யார் வீட்டுக் கறி எது என்று சண்டை வராத நாளில்லை. யோகமக்கா வீட்டிலிருந்தபடி தைத்துக் கொடுப்பவர். தெரிந்த பெண் யாருக்காவது வலி தொடங்கினால் மெஷின் சத்தம் நின்றுவிடும். பிளாஸ்கில் மல்லிக்கோப்பியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார். நீங்கள் யார் என்று கேட்டால், இவளுடைய அக்கா என்பார். ஒருமுறை ஒரு தாதி, உங்கள் அம்மாவுக்கு எத்தனை பெண்பிள்ளைகள் என்று கேட்டாளாம். "இன்னும் வருவினம் எண்டு சொன்னனான்" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

என் மனைவி கமலாவுக்கு வலி வந்தபோதும் அவர்தான் வந்தார். மருத்துவச்சி கதவைத் திறந்து என்னையும் உள்ளே கூப்பிட்டாள். ஊரில் கணிதம் படிப்பித்தவன் நான். ஆங்கிலம் நன்றாக வரும். கமலாவுக்கு வராது. அவள் கையை நீட்டினாள்.

"எனக்கு ஷிப்ட் இருக்கு. அக்கா நிப்பா" என்றேன்.

அன்று எனக்கு ஷிப்ட் இல்லை. கமலாவுக்கும் அது தெரியும். எங்கள் ஆண்கள் உள்ளே போவதில்லை என்று பிறகு மற்றவர்களுக்குச் சாட்டுச் சொன்னேன். உண்மையில் பயம். எதிரே இருந்த பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து எல்லா பஸ்ஸையும் போகவிட்டேன். ஒரு டிரைவர் கதவைத் திறந்து, உனக்கு எந்த பஸ்தான் பிடிக்கும் என்று கேட்டார்.

திரும்பிப் போனபோது பிள்ளை துணியில் சுற்றிக் கிடந்தாள். கமலா என்னைப் பார்த்து, "சாப்பிட்டனீங்களோ?" என்றாள். நான் பிள்ளையைப் பற்றிக்கூட ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பிறகு மகளின் பிறந்தநாள் ஒவ்வொன்றுக்கும் யோகமக்கா வருவார். கேக் வெட்டி முடிந்ததும் அவளை மடியில் இழுத்து, நீ பிறந்த அண்டைக்கு என்று ஆரம்பிப்பார். கமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எனக்கோ கூச்சம். சாப்பிடும் இடத்தில் இந்தக் கதை எதற்கு, ஆம்பிளையள் இருக்கினம் என்று சொல்லி, அவர் கையில் இன்னொரு துண்டு கேக்கை வைத்துவிடுவேன். சில வருடங்களில் அவர் ஆரம்பிப்பதையே விட்டுவிட்டார்.

கேத்தல் கொதித்து அடங்கியிருந்தது. மகள் வயிற்றைப் பிடித்தபடி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, அம்மாக்கு எப்பிடி இருந்ததெண்டு உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

"நான் உள்ளுக்கு நிக்கேல்லை, பிள்ளை. பொய் சொல்லிப்போட்டு வெளியில போயிட்டன்."

அவள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"யோகம் அன்ரி எனக்குச் சொல்ல வாறவ. நீங்கள் விடமாட்டியள்."

"ஓம். ஒரேயொருக்கா அரைவாசி கேட்டனான். கொம்மா அவவின்ரை கையைக் கடிச்சுப்போட்டாவாம்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குசினி மேசையடி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள், கதை கேட்கத் தயாராக.

"பிறகு?"

கமலா இப்போது உயிரோடு இல்லை. கனடாவில் இருக்கும் தன் மகனிடம் போன யோகமக்காவும் அங்கேயே கண்ணை மூடிவிட்டார். பிறகு என்ன நடந்தது என்று சொல்ல இந்த உலகத்தில் இனி ஒருவரும் இல்லை.