வன்னியராஜ் சீவியெடுத்த எடை

கிள்ளிப்பாலத்தில் எஞ்சின் பாகங்களுக்கு பேலன்ஸ் பார்க்கும் பட்டறையில் வன்னியராஜுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சங்கரன்கோவில் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்து, சிமெண்டு தூசி ஒத்துக்கொள்ளாமல் இங்கே ஒதுங்கியவர். தன் கை பட்ட ஃப்ளைவீல், எஞ்சினோடு சுழலும் அந்தக் கனத்த இரும்புச் சக்கரம், ஆடுகிறது என்று ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்லை என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

வலியசாலை கிரீஷ் ஒரு ஃப்ளைவீலைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் அப்பா ஆனந்தகிருஷ்ணன் வெளிநாட்டில் வேலை பார்த்தபோது வாங்கி, கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் கார். ரோட்டரி எஞ்சின். வெகுநாளாக ஷெட்டில் கிடந்ததை இப்போது பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பாவுக்கு இப்போ என்னையே தெரியல அண்ணா. யாருடா நீன்னு கேக்கறார். அந்த வண்டிச் சத்தத்தை மட்டும் வாயால பண்ணிண்டே இருக்கார். நிஜமா கேட்டா என்னை ஞாபகம் வருமோன்னு ஒரு ஆசை."

"நான் ஏத்துட்டேன் சாரே. ஒரு பொட்டு ஆடாது, கேட்டோ" என்றார் வன்னியராஜ், பிழைக்க வந்த ஊரின் மலையாளம் கலந்து.

மெஷினில் மாட்டிச் சுழற்றினால் ஆட்டத்தைக் காட்டும் முள் தாறுமாறாக அடித்தது. ஒரு பக்கம் இரும்பு புடைத்திருந்தது. வார்த்தவன் தூக்கக் கலக்கத்தில் வார்த்திருக்கிறான் என்று திட்டிவிட்டு, புடைப்பை மில்லிங்கில் சீவினார். மிச்சமிருந்த கனத்தைக் குறைக்கத் துளை போட்டார். முள் அசையாமல் நின்றது. நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு டீ குடிக்கப் போனார்.

வண்டியைக் கிளப்பும் நாளன்று பெருமை பார்க்க அவரும் வலியசாலைக்குப் போனார். பெரியவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்த்தியிருந்தார்கள். கிரீஷ் சாவியைத் திருப்பினான். எஞ்சின் உதறியது. பானெட் தடதடத்தது, கண்ணாடி கிலுகிலுத்தது. பெரியவர் முகம் சுருங்கியது.

"இது நம்மாத்து வண்டி இல்லை. யாருடா நீ? என்னை ஏமாத்தப் பாக்கறயா?"

கிரீஷ் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். வன்னியராஜுக்கு அங்கே நிற்கவே நாணக்கேடாக இருந்தது.

பிறகு கிரீஷ் ஜப்பானில் ஒரு மெக்கானிக்கைப் போனில் பிடித்து விசாரித்தான். இந்த எஞ்சினுக்குள் முக்கோண ரோட்டர்கள் மையம் விலகிச் சுற்றுகின்றன. அந்த இழுப்பைச் சமன் செய்யத்தான் முன்னும் பின்னும் எதிர் எடை. பின்பக்கத்து எதிர் எடை ஃப்ளைவீலோடு சேர்த்தே வார்த்தது. தனியே சுழற்றினால் அது ஆடத்தான் வேண்டும். எஞ்சினோடு சேர்ந்தால்தான் சமம். வன்னியராஜ் சீவி எறிந்தது அந்த எடையைத்தான்.

"எனக்கும் தெரியலையே அண்ணா, நானும் சொல்லலையே" என்றான் கிரீஷ். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வேறு ஃப்ளைவீல் கப்பலில் வருவதற்குள் கர்க்கடக மாதத்து அடைமழையில் பெரியவர் காலமானார். கடைசிவரை மகனை யாரோ ஏமாற்றுக்காரன் என்றே நினைத்திருந்தார். அவன் கையால் ஒரு வாய் கஞ்சிகூட வாங்கவில்லை.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகு கிரீஷ் புது ஃப்ளைவீலைப் பூட்டி வன்னியராஜைக் கூப்பிட்டான். போக மனசில்லாமல் போனார். வாசலில் அதே நாற்காலி மழைச்சாரலில் நனைந்து கிடந்தது. எஞ்சின் கிளம்பியது. பானெட்டில் கை வைத்தார். ஒரு பொட்டு ஆடவில்லை.

"இதேதான் அண்ணா அப்பா வாயால பண்ணிண்டிருந்த சத்தம்" என்றான் கிரீஷ்.

வன்னியராஜ் அந்தச் சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்.