மங்கலக் கார்

“மங்கல காரியங்களுக்கென்றே பிறந்த மோட்டார்க் கார்.” பத்திரிகையிலிருந்து நான் கத்தரித்து வைத்த இந்த விளம்பரத்தின் ஓரத்தில் ‘வைகாசி 1934’ என்று என் கையெழுத்து இருக்கிறது. படத்தில் சந்தன நிறக் கார். அதன் பக்கத்தில் மாலையோடு ஒரு மணமகன்.

அதற்கு முன்பு மட்டக்களப்பில் கலியாண வீடுகளுக்கெல்லாம் ஓடியது எங்கள் அயல்வீட்டுக்காரரின் கறுப்புக் கார்தான். அது வேறு கொம்பனியின் வண்டி. மூக்கில் பித்தளைச் சின்னம், கூரையை மடித்துவிடலாம். ஒரே மகளுக்கு அதன் உழைப்பில்தான் வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்பவர். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை.

சந்தன நிறக் கார்களுக்கு ஏஜென்டாக ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். கடை கடையாகப் படம் ஒட்டினார். இரண்டு மாதமாகியும் ஒரு வண்டிகூட விலைபோகவில்லை.

பிறகு ஒரு நாள், சந்தை கூடியிருந்த காலையில், முன்பின் தெரியாத ஒருவன் அயல்வீட்டுக்காரரிடம் அழுதுகொண்டு வந்தான்.

“அண்ணன், ஆசுபத்திரியில தாய் செத்துப்போனா. செட்டிபாளையத்துக்குக் கொண்டுபோகணும். வண்டில் கட்டினா பொழுதுபட்டிரும்.”

“அழாத தம்பி. ஏத்து. இதுக்கு நான் வாடகை எடுக்கமாட்டன்” என்றார் அவர்.

கூரையை மடித்து, பின் ஆசனத்தில் பிரேதப் பெட்டியைக் குறுக்கே வைத்தார்கள். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. சந்தைச் சனம் விலகி வழிவிட, கார் பாலத்தைக் கடந்து போனதை நானும் பார்த்தேன்.

அடுத்த கிழமை கடைகளில் ஏஜென்டின் புதுப் படம். “எங்கள் கார்களில் பிரேதம் ஏறியதில்லை.” அவ்வளவுதான் எழுதியிருந்தது.

அயல்வீட்டுக்காரர் காரை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். ஐயரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்தார். பலிக்கவில்லை. சாவுத் தீட்டான அந்தத் துடக்கு அந்த ஒரு வண்டியோடு நிற்கவுமில்லை. பித்தளைச் சின்னத்தைத் தொற்றிக்கொண்டது. அதே கொம்பனியின் கார் வைத்திருந்த, கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் மூன்றாம் மாதமே அதை விற்றுவிட்டுச் சந்தன நிறத்தில் ஒன்று வாங்கினார். தேநீர்க்கடையில் அயல்வீட்டுக்காரர் தலை தெரிந்தால் யாராவது கேட்பார்கள்:

“என்ன மச்சான், இண்டைக்கு ஆருட செத்த வீடு?”

“வண்டியக் கழுவிப்போட்டன்டா. அஞ்சு தரம் கழுவிட்டன்.”

“வண்டியக் கழுவலாம். நாங்க கண்ட கண்ணக் கழுவேலுமா?”

கடை சிரிக்கும். அவரும் கொஞ்சம் சிரிப்பார்.

அரைச் சுவரோடு நின்ற வீட்டுக்குக் கிடுகு வேய்ந்து மகளின் கலியாணத்தை ஒப்பேற்றினார். மாப்பிள்ளையைத் தன் காரிலேயே அழைத்துவரக் கேட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் வாசலில் நின்றபடியே பதில் சொன்னார்:

“உங்கட மகள் தாலியோட இருக்கிறது உங்களுக்கு விருப்பமில்லையா? எங்கட பொடியன் அதில கால் வைக்கமாட்டான்.”

இதைக் கேள்விப்பட்ட ஏஜென்ட் தானே வந்தார். சந்தன நிறக் காரை இலவசமாகவே தருவதாகச் சொன்னார். கலியாணத்தன்று படம் பிடிப்பவனும் கூட வந்தான். கறுப்புக் கார் படத்தில் விழும் என்று அவன் சொல்ல, நாலு பேர் அதை வாவிக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியவர் பெண்ணின் தகப்பன்.

அந்தப் படம் அடுத்த மாதம் ஊரெங்கும் தொங்கியது. மணமக்கள், சந்தன நிறக் கார், பின்னால் கைகட்டி நிற்கும் தகப்பன். கீழே: “பிற கார் வைத்திருப்பவரும் தம் மகளுக்குத் தெரிவுசெய்வது இதுவே.” அவரைப் பற்றி அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. தேநீர்க்கடையில் அதை அவருடைய வழக்கமான ஆசனத்துக்கு நேரே மாட்டினார்கள். அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். கார் கரையிலேயே கிடந்து உப்புக்காற்றில் உதிர்ந்தது.

பல ஆண்டுகளின் பின் செட்டிபாளையத்தில் விசாரித்தேன். அந்த மாதத்தில் ஆசுபத்திரியிலிருந்து பிரேதம் வந்த வீடு எதுவும் எவருக்கும் நினைவில்லை. பெட்டியைத் தென்னந்தோட்டமொன்றில் இறக்கிவிட்டு, இனிப் போகலாம் என்று தன்னை அனுப்பிவிட்டதாக அயல்வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஆசுபத்திரிப் பதிவுகளைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. பெட்டிக்குள் ஆள் இருந்ததா என்பது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.